துரைத்தனம், லேகியோன், பேய்: தமிழ்க் கிறித்தவத்தில் ஆவிக்குரிய போரின் சொற்கள்

எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரம், கிறித்தவ வாழ்வை ஒரு போராக உருவகிக்கிறது. எதிரி மனிதன் அல்லன். கண்ணுக்குப் புலப்படாத அதிகாரங்கள். இந்த அதிகாரங்களைக் கிரேக்க மூலம் அடுக்கிக்கொண்டே போகிறது. அவ்வடுக்கின் முதற்சொல் 'ஆர்கை'. தொடக்கம், முதன்மை, ஆட்சி எனப் பல பொருள் தரும் சொல் அது. 1871இல் முழுமை பெற்று, சீர்திருத்த சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ள தமிழ்த் திருப்புதல் அதற்கு இட்ட சொல் 'துரைத்தனம்'.

இச்சொல் இன்றைய வாசகருக்கு வெறும் பழஞ்சொல்லாகத் தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசகருக்கு அது அன்றாடச் சொல். 'துரை' தெலுங்கின் 'தொர'வோடு உறவுடையது. பாளையக்காரத் தலைவர்களைக் குறித்த அச்சொல் பின்னர் வெள்ளை அதிகாரிகளின் மேல் ஏறியது. 'துரைத்தனம்' என்றால் கும்பினியின் அரசாங்கம், அதன் பிறகு மகாராணியின் அரசாங்கம். மாவட்டத் தலைநகரில் கச்சேரி நடத்தும் துரைத்தனமும், வானமண்டலத்தில் தேவனுக்கு எதிராக அணிவகுக்கும் துரைத்தனமும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. திருப்புநர்கள் இதை அரசியல் குறிப்பாக எண்ணிச் செய்தார்கள் என்று கொள்ள இடமில்லை. ஆட்சி அமைப்பைக் குறிக்கக் கையருகே இருந்த சொல்லை எடுத்தார்கள், அவ்வளவே. ஆனால் சொல் தன் வாசகரை எங்கே கொண்டு போகும் என்பது திருப்புநரின் கையில் இல்லை.

போருக்கு எதிரி வேண்டும். தமிழில் அந்த எதிரிக்குப் பெயர் தேடியது எளிய வேலையாக இருக்கவில்லை. மிக இயல்பான சொல் 'பேய்'. ஆனால் தமிழ் மரபில் பேய் கடவுளின் எதிரி அன்று. சிவனின் ஆட்டத்தைச் சுடுகாட்டில் சூழ்ந்து நிற்பது பேய்க்கணம். காரைக்கால் அம்மையார் தம்மையே 'காரைக்காற் பேய்' என்று பெருமையோடு கூறிக்கொண்டவர். வைணவ மரபில் முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியின் பரிவாரம். போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. அவை அஞ்சத்தக்கவை, பசி மிக்கவை, அழகற்றவை. ஆனால் தெய்வத்துக்கு எதிராகக் கலகம் செய்து விழுந்த ஓர் இனம் என்ற கருத்து அவற்றிடம் இல்லை. அளவு கடந்த பக்திக்கு உவமையாகவே ஆகக்கூடிய ஒரு சொல்லை, பக்தியின் முழு எதிர்ப்பாக மாற்ற வேண்டியிருந்தது.

இதனினும் பெரிய சிக்கல் ஊர் வழக்கில் இருந்தது. இலக்கியப் பேய் கணத்தைச் சேர்ந்தது. ஊரின் பேய் இறந்தவரைச் சேர்ந்தது. தூக்கிட்டவர், கிணற்றில் விழுந்தவர், பேறுகாலத்தில் இறந்தவள், வெட்டுப்பட்டுச் செத்தவன் எனக் காலம் முடியுமுன் போனவர்களே பேயாக அலைகிறார்கள் என்பது பரவலான நம்பிக்கை. ஆகவே ஊர்ப் பேய்க்குப் பெயர் உண்டு, சாதி உண்டு, ஊர் உண்டு, உறவு உண்டு. கிறித்தவ இறையியலின் பிசாசுக்கு இவை எதுவும் இல்லை. அது ஒருபோதும் மனிதனாக இருந்ததில்லை. ஒன்றை மற்றொன்றால் பெயர்த்தபோது ஒரு குடும்பத்தின் இறந்த மகள் நரகப் படையின் உறுப்பினர் ஆகிவிடுகிறாள். இந்த இழப்பை மிஷன் ஆவணங்கள் இழப்பாகப் பதிவதில்லை, வெற்றியாகவே பதிகின்றன.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஊர்த் தெய்வங்களையும் பேய்களையும் பிரித்துப் பார்க்கும் அளவுக்குக் கூர்மை உடையவராக இருந்தார். 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி நூல், கிராம தேவதைகளைத் தனிப் பகுதியில் வகுக்கிறது. பேய்களிடமிருந்து ஊரைக் காப்பது அவர்களின் வேலை என்பதையும் சொல்கிறது. ஐயனார் இரவில் குதிரையேறிப் பேய்களைத் துரத்துகிறார் என்ற நம்பிக்கையின் பொருள், ஊரில் 'ஆவிக்குரிய போர்' ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பதுதான். அப்போரில் காப்பவரும் தாக்குபவரும் எதிரெதிர் அணியினர். பிந்தைய மிஷனரிகளின் எழுத்தில் ஐயனாரும் அவர் துரத்திய பேயும் ஒரே அணியில் சேர்க்கப்பட்டார்கள். சீகன்பால்கின் நூலை அச்சிட ஹாலேயிலிருந்த மேலிடம் விரும்பவில்லை. புறச்சமயத்தை அழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பது அங்கிருந்த எண்ணம். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

கத்தோலிக்கத் தரப்பின் பாதை வேறு. வடமொழியின் 'பிசாச' கத்தோலிக்கச் செபநூல்களில் 'பசாசு' ஆயிற்று. சீர்திருத்தத் தரப்பில் 'பிசாசு' ஆயிற்று. ஓர் உயிரெழுத்து வேறுபாடு ஒருவர் எந்தச் சபையில் வளர்ந்தவர் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக நெடுங்காலம் இருந்தது; சேசு, இயேசு என்ற வேறுபாட்டைப் போல. பெயரை விடவும் முக்கியமானது நடைமுறை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் காலம் தொட்டு, புனிதர்கள் மெல்ல மெல்ல ஐயனார் விட்டுச்சென்ற இடத்தில் அமர்ந்தார்கள். குதிரையேறிய சந்தியாகப்பர், பேயோட்டும் அந்தோணியார், 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் ஆகியோர் காவல் தெய்வங்களின் கடமையை ஏற்றார்கள். இராமநாதபுரம் பகுதியில் நெடுநாள் களப்பணி செய்த மானிடவியலாளர் டேவிட் மாஸ், கத்தோலிக்கம் உள்ளூர்ச் சமய ஒழுங்குக்குள் எவ்வாறு வேரூன்றியது என்பதை 2012இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே பேய் மறுக்கப்படவில்லை. அதனோடு பேச ஓர் அதிகாரி மாற்றி அமர்த்தப்பட்டார். உரோமையின் சட்டமோ இறுக்கமானது. 1614ஆம் ஆண்டுச் சடங்குநூல் பேயோட்டுதலுக்கு முறை வகுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1172ஆம் விதி, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி அதைச் செய்யக் கூடாது என்கிறது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் தலைவிரித்து ஆடுபவர்களுக்கு இந்த விதி தெரியாது. அவர்கள் குருவைத் தேடி வருவதும் இல்லை, புனிதரைத் தேடி வருகிறார்கள்.

கால்டுவெல்லிடம் வந்தால் கதை வேறு திசையில் செல்கிறது. 1841இல் இடையன்குடியில் குடியேறிய அவர், 1849இல் 'தின்னவேலிச் சாணார்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சிறுநூலை வெளியிட்டார். இன்றைய நாடார் சமூகத்தாரின் சமயத்தை அவர் 'பேய் வழிபாடு' என வகைப்படுத்தினார். அது பிராமணச் சமயத்துக்கு முந்தியது, வேறானது என்றார். மொழியியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில், இதே பேய் வழிபாடு சைபீரியப் பூசாரிகளின் ஆவியாட்டத்தோடு ஒப்பிடப்படுகிறது. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்த அவர் முயன்றதற்கு இதுவும் ஒரு துணைச்சான்று. மொழிக்குடும்பம் என்ற பெருங்கருத்தின் ஓரத்தில், திருநெல்வேலியின் பேய்க்கோயில்களும் சான்றாக வந்து நின்றன. மொழிக்குடும்பம் நிலைத்தது, சித்திய உறவு உதிர்ந்தது, பேய்களை யாரும் பிறகு விசாரிக்கவில்லை.

கால்டுவெல் பதிவு செய்தவற்றுள் ஒன்று இக்கட்டுரையின் முதற்சொல்லோடு நேரே தொடர்புடையது. 1809இல் திருவிதாங்கூர் அரண்களைக் கைப்பற்றிய சண்டையில் போல் என்ற ஆங்கில அதிகாரி படுகாயமுற்று இறந்தார்; மணற்காட்டில் அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அக்கம்பக்கத்தார் அவரைப் பேயாக வைத்து வணங்கத் தொடங்கினார்கள். படையல் சாராயமும் சுருட்டும். கால்டுவெல் இதை அறியாமையின் சான்றாக எழுதினார். உள்ளூர்த் தருக்கத்தில் இதில் விந்தை ஏதும் இல்லை: ஊர் விட்டு ஊர் வந்து, வெட்டுப்பட்டு, காலம் முடியாமல் செத்தவன் பேயாவான், அவன் துரையாயினும் பேயாவான், அவன் விரும்பியதைக் கொடுத்தால் அமைதி அடைவான். வெள்ளை அதிகாரத்தை இவ்வளவு நிதானமாக உள்வாங்கிய வழிபாடு வேறு எங்கும் இருந்திருக்குமா என்பது ஐயமே.

அதே பகுதியில், அதே பத்தாண்டுகளில், பேயிலிருந்து விடுதலை என்பதை வேறொருவர் வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தார். 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தார் எனப் பின்பற்றுவோர் நம்பும் அய்யா வைகுண்டர், பேய்களை எரித்தார் என்று அகிலத்திரட்டு அம்மானை மரபு சொல்கிறது. ஆடு, கோழி கேட்கும் பேய்களுக்குப் படைக்க வேண்டாம் என்பது அவர் போதனை. அந்த மரபில் கலியின் ஆள்களாக வருபவர்கள் திருவிதாங்கூர் அரசனும் 'வெண்ணீசன்' எனப்படும் வெள்ளையனும். துரைத்தனத்தைத் தீய ஆவிகளின் வரிசையில் உண்மையாகவே நிறுத்தியவர் விவிலியத் திருப்புநர் அல்லர். சாமித்தோப்பின் இந்தத் தலைவர். லண்டன் மிஷன் ஆவணங்கள் அவரைப் போட்டியாளராகக் கண்டதில் வியப்பில்லை.

கால்டுவெல்லின் சிறுநூலுக்குக் கிறித்தவ நாடார்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. மிஷனில் பணியாற்றி விலகிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857இல் மூக்குப்பீறியில் இந்து கிறித்தவ சபையைத் தனியே நிறுவினார். எபிரேய வேதாகமத்தின் வழக்கங்களுக்கே அச்சபை திரும்பியது. 'உங்கள் முன்னோர் பேயை வணங்கியவர்கள்' என்ற வாக்கியம் இறையியல் கூற்றாக மட்டும் கேட்கப்படவில்லை. அது சாதியின் படிநிலையில் ஓர் இடத்தைக் குறிக்கும் வாக்கியமாகவும் கேட்கப்பட்டது; சரியாகவே கேட்கப்பட்டது.

பேயோட்டும் சடங்கின் மையம் பெயர் கேட்பது. 'நீ யார், எந்த ஊர், ஏன் வந்தாய்' என்ற கேள்விகள் இல்லாமல் தமிழகத்தில் பேயோட்டம் இல்லை. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே சங்கிலிகளை முறித்துக்கொண்டு திரியும் மனிதனிடமும் பெயர்தான் கேட்கப்படுகிறது. கிடைக்கும் விடை ஒரு மனிதப் பெயர் அன்று. உரோமைப் படையணியின் பெயர். தமிழ்த் திருப்புதல் அதை மொழிபெயர்க்காமல் 'லேகியோன்' என்று ஒலிபெயர்த்தது. ஏறத்தாழ ஐயாயிரம், ஆறாயிரம் வீரர் கொண்ட ஆக்கிரமிப்புப் படையின் பெயரை அந்நாட்டின் பேய் சூட்டிக்கொள்கிறது என்பதை விவிலிய அறிஞர் பலர் அரசியல் பொருளோடு வாசித்திருக்கிறார்கள். 'லேகியோன்' தமிழில் அப்பொருளை முற்றிலும் இழந்தது. கேட்பவருக்கு அது ஏதோ ஒரு பேயின் பெயர். 'ரெஜிமென்ட்' என்றோ 'பட்டாளம்' என்றோ திருப்பியிருந்தால், அடுத்த நூற்றாண்டின் பிரசங்கங்கள் எப்படி இருந்திருக்கும்? ஒரு பக்கம் 'துரைத்தனம்' தேவைக்கு மேல் பேசியது. மறுபக்கம் 'லேகியோன்' வாயை மூடிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்த சபைகள் பேயைப் பற்றிப் பேசத் தயங்கின. கல்வியும் மருத்துவமும் தந்த மிஷன்களின் வாரிசுகள், பேய் அறியாமை என்று கற்பித்தார்கள். 1970களிலும் 1980களிலும் சென்னையின் சீர்திருத்தக் கிறித்தவரிடையே ஆய்வு செய்த லயனல் கேப்லன் இதன் விளைவைக் காட்டினார்: சபை மறுத்தாலும் பில்லி, சூனியம், ஏவல் பற்றிய அச்சம் விசுவாசிகளின் வீடுகளில் மறையவில்லை, அதற்கு மருந்து தேடி அவர்கள் வெளியே போனார்கள். அந்த வெற்றிடத்தில் பெந்தெகொஸ்தே, எழுப்புதல் ஊழியங்கள் நுழைந்தன. அவை பேயை உண்டென ஒப்புக்கொண்டன. அதனோடு அதைவிடப் பெரிய அதிகாரம் தங்களிடம் உண்டென்றும் கூறின. நோயாளிக்கு முதற்கூற்று இரண்டாவதை விட ஆறுதலாக இருந்திருக்கக் கூடும்.

இந்த ஊழியங்களின் மொழியில் இரு சொற்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ஒன்று 'கட்டு'. மத்தேயு நற்செய்தியில் வரும் 'கட்டுதல், கட்டவிழ்த்தல்' யூத ரபிகளின் வழக்கில் ஒன்றைத் தடை செய்வதையும் அனுமதிப்பதையும் குறிக்கும் சட்டச் சொற்கள். தமிழிலோ 'கட்டு' மந்திரவாதியின் சொல்லாக ஏற்கெனவே இருந்தது. பேயைக் கட்டுவான், வாயைக் கட்டுவான், எல்லையைக் கட்டுவான். சட்டச் சொல் தமிழுக்கு வந்தவுடன் மந்திரச் சொல்லின் ஆற்றலைத் தானே பெற்றுக்கொண்டது. மேடையில் ஒருவர் பிசாசைக் 'கட்டுகிறேன்' என்றால் கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. மற்றொன்று 'விடுதலை'. பாரதி நாட்டுக்குப் பாடிய சொல். 1935இல் தொடங்கி, பெரியாரின் இயக்கத்தோடு ஒன்றிப்போன நாளிதழின் பெயர். 'விடுதலை ஊழியம்' என்ற தொடரில் பேயிலிருந்து மீட்பு. மூன்று கூட்டங்களும் ஒரே நகரின் சுவர்களில் ஒரே சொல்லை எழுதின.

1990களில் இப்போர் நிலப்படத்தின் மேல் ஏறியது. பீட்டர் வாக்னர் முதலிய அமெரிக்கர்கள், ஒவ்வொரு நிலப்பரப்பையும் ஆளும் ஆவி ஒன்று உண்டென்றும் அதைக் கண்டறிந்து எதிர்க்க வேண்டுமென்றும் வாதிட்டார்கள். வட ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை, வடக்கு அகலாங்கு 10 முதல் 40 வரையுள்ள பரப்பு தனி இலக்காகக் குறிக்கப்பட்டது. தில்லி அதனுள் விழுகிறது. ஒரு தலைநகரை எதிரியின் கோட்டையாக வரைந்த நிலப்படம் அந்நகரில் வாழ்வோர் கண்ணில் பட்டால் எப்படி வாசிக்கப்படும் என்பதை வரைந்தவர்கள் சிந்தித்ததாகத் தெரியவில்லை. லொசான் இயக்கம் 1993இலேயே இத்தகைய மொழி குறித்து எச்சரித்தது. 2000 ஜூனில் பசதேனாவில் கூடிய மிஷன் தலைவர்கள் போர்ச் சொற்களைக் கைவிடுமாறு சபைகளைக் கேட்டுக்கொண்டார்கள்.

இந்தியாவில் இச்சொற்களுக்குச் சட்ட எடையும் உண்டு. ஒரிசாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டமும் மத்தியப் பிரதேசத்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் 'பலவந்தம்' என்பதன் வரையறையில் தெய்வக் கோபம் வருமென்ற அச்சுறுத்தலையும் சேர்த்தன. அருள்தந்தை ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977 ஜனவரியில் தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இச்சட்டங்களைச் செல்லத்தக்கவை என்றது. தமிழகத்தில் 2002இல் வந்த இதையொத்த சட்டம் 2004 தேர்தலுக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. 'உன் வீட்டில் சாபம் இருக்கிறது' என்ற ஒரு ஊழியரின் வாக்கியம் அருளுரையா, அச்சுறுத்தலா? நீதிமன்றம் ஆராய வேண்டிய இந்தக் கேள்வி பெரும்பாலும் காவல் நிலையத்திலேயே முடிவாகிறது. அச்சத்தை விற்பவரைக் காப்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே பிரிவு வெறுமனே நோயாளிக்காக மன்றாடுபவரின் மேலும் பாயக்கூடும் என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டத்தின் முன் நிற்கும் ஊழியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் நபர் காணாமல் போகிறார். பெரும்பாலும் அவர் பெண். தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆய்ந்த இசபெல் நபோகோவ், புதுமணப் பெண்களைப் பிடிக்கும் பேய்கள் காதலில் தோற்று உயிர்விட்ட இளைஞர்களாகவே சொல்லப்படுவதைக் கண்டார். சடங்கு காதலனை வெளியேற்றுகிறது. மனைவியைக் கணவனிடம் திருப்பித் தருகிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அங்கே கேட்கப்படுவதே இல்லை. பேய்க்கு என்ன வேண்டும் என்றே கேட்கப்படுகிறது. அவர் ஆய்ந்தவை இந்துச் சடங்குகள். கிறித்தவ விடுதலைக் கூட்டங்களைப் பற்றி எழுத வருவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 25 பேர் முதலில். எண்ணிக்கை பின்னர் 28 ஆயிற்று. அது இஸ்லாமியத் தலத்தை ஒட்டிய இடம். ஆனால் நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாச் சமயத்தையும் சேர்ந்தவை. அதே குடும்பங்கள் அந்தோணியார் கோயிலிலும் குணசீலத்திலும் காத்துக் கிடந்தவையே. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநிலங்கள் மனநலச் சேவையின் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும், நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்பதை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்றும் 2002இல் உத்தரவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. கல்லறைகளிடையே திரிந்த அந்த மனிதனையும் ஊரார் சங்கிலியால்தான் கட்டியிருந்தார்கள். நற்செய்தியின் கதை அவன் ஆடை உடுத்து, புத்தி தெளிந்து, யாரும் கட்டாமல் உட்கார்ந்திருப்பதில் முடிகிறது. விடுதலை ஊழியங்கள் மிகுதியாக எடுத்தாளும் இப்பகுதியில் ஊராரின் சங்கிலியைப் பற்றிய பிரசங்கம் அரிது.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு இச்சொற்களையெல்லாம் மீண்டும் எடைபோட்டது. துரைத்தனம் நீங்கியது. அசுத்த ஆவி 'தீய ஆவி' ஆயிற்று. சாத்தானைக் குறிக்கும் சொல்லாக 'அலகை' வந்தது. பசாசா பிசாசா என்ற பழைய சபைப் பூசலைத் தூய தமிழ்ச் சொல் ஒன்றால் தாண்டிச் செல்லும் முயற்சி அது. அலகை திருக்குறளின் 850ஆம் குறளில் வரும் சொல். உலகத்தார் உண்டென்று சொல்வதை இல்லையென்பவனுக்கு அங்கே அது பட்டமாகச் சூட்டப்படுகிறது. தேர்ந்தவர்கள் இந்தப் பொருத்தத்தை எண்ணியிருக்க மாட்டார்கள். வாசிப்பு மேடையில் அலகை இன்று நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு பெண் மூன்று நாள் உண்ணாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தால், அவளுக்கு அலகை பிடித்துவிட்டது என்று எந்தத் தாயும் சொல்வதில்லை.